கையும் கருவியும்: ஹெலன் கெல்லர், ஹாபென் கிர்மா தன்வரலாறுகளில் கருவிவழிக் கற்றல்

ஆய்வுச்சுருக்கம்

பார்வையும் செவிப்புலனும் ஒருங்கே இல்லாதவர்கள் எழுதிய தன்வரலாறுகள் பெரும்பாலும் மனவுறுதியின் கதைகளாகவே படிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் கருவிகள் பற்றியும் அக்கருவிகளைக் கையாளக் கற்றது பற்றியும் உள்ள செய்திகள் திறனாய்வாளர் கவனத்தைப் போதிய அளவு பெறவில்லை. ஹெலன் கெல்லரின் ‘என் வாழ்க்கைக் கதை’ (1903), ஹாபென் கிர்மாவின் ‘ஹாபென்’ (2019) ஆகிய இரு நூல்களையும் அந்நோக்கில் அணுகி, கற்பிப்பவர் யார், கற்பிக்கப்படுவது எது என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது. ஜான் லீ கிளார்க்கின் கட்டுரைகள் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தன்வரலாறு, தொடுகை, பிரெயில், தகவமைப்புத் தொழில்நுட்பம், ஹெலன் கெல்லர், ஹாபென் கிர்மா.

முன்னுரை

ஹெலன் கெல்லர் என்றவுடன் நினைவுக்கு வருவது ஒரு நீர்ப்பம்பு. 1887 ஏப்ரலில், அலபாமா மாநிலத்து டஸ்கம்பியாவில், ஆறு வயதுச் சிறுமியின் ஒரு கையில் நீர் பாய, மறு கையில் ஆசிரியை ஆன் சல்லிவன் ‘நீர்’ என்னும் சொல்லின் எழுத்துகளை விரல்களால் எழுதுகிறார். பொருளுக்குப் பெயர் உண்டென்பது சிறுமிக்கு விளங்குகிறது. வில்லியம் கிப்சன் 1959இல் மேடையேற்றிய நாடகமும் 1962இல் அதனைத் தழுவி வந்த திரைப்படமும் இக்காட்சியையே உச்சமாக வைத்தன. சஞ்சய் லீலா பன்சாலியின் ‘பிளாக்’ (2005) அதை நீரூற்றாக மாற்றிக்கொண்டது. ஆயினும் உச்சம் மாறவில்லை.

அக்காட்சி உண்மையானது; அழகானதும்கூட. ஆனால் அது கற்பித்தலை ஒரு கணத்தில் நிகழும் அற்புதமாக்கிவிடுகிறது. அற்புதம் நிகழ்ந்தபின் ஆசிரியருக்கு வேலையில்லை, கருவிக்கும் இடமில்லை. கெல்லரின் நூலோ நீர்ப்பம்போடு முடியவில்லை. அதன் நான்காம் இயலிலேயே அக்காட்சி வந்துபோய்விடுகிறது. பதினெட்டாம், பத்தொன்பதாம் இயல்களில் முற்றிலும் வேறொரு கதை நடக்கிறது. அக்கதையின் மாந்தர் தட்டச்சுப்பொறி, பிரெயில் எழுதுபொறி, வினாத்தாள், குறியீட்டு அட்டவணை ஆகியவையே. திறனாய்வு நின்று நோக்கவேண்டிய இடம் அதுவென்பது இக்கட்டுரையின் கருத்து.

இருநூற்று முப்பத்து மூன்றாம் எண்

1897 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் ராட்கிளிஃப் கல்லூரிக்கான முதற்கட்டத் தேர்வுகளைக் கெல்லர் எழுதினார். தட்டச்சுப்பொறியின் ஓசை பிற மாணவியரை இடையூறு செய்யும் என்பதால் அவருக்குத் தனியறை ஒதுக்கப்பட்டது. பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மன் வினாத்தாளை விரலெழுத்தில் அவர் கையில் எழுதிக் காட்டினார். தேர்வர்களின் பெயர் தாளில் இடம்பெறாது. எண் மட்டுமே உண்டு. கெல்லரின் எண் 233. எனினும் தட்டச்சு செய்த தாள் தம்முடையது என்பதை மறைக்க இயலவில்லை என்று அவர் போகிறபோக்கில் எழுதிச் செல்கிறார்.

இச்சிறு குறிப்பு ஆழமானது. எழுத வாய்ப்பளிக்கும் கருவியே எழுதியவரைக் காட்டிக்கொடுக்கிறது. எண் என்பது எல்லாரையும் சமமாக்கும் ஏற்பாடு. கருவி அச்சமத்துவத்திற்குள் நுழைய வழிதருகிறது. நுழைந்த கணமே வேறுபடுத்தியும் விடுகிறது. தகவமைப்புக் கருவிகளைப் பற்றி இன்று எழுதுவோர் பல பக்கங்களில் விளக்கும் முரணைக் கெல்லர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, குறைகூறாமல் கடந்துவிடுகிறார்.

அவர் பயன்படுத்தியது ஹேமண்ட் தட்டச்சுப்பொறி. எழுத்துத் தொகுதியைக் கழற்றி மாற்றும் வசதி அதில் இருந்தமையால் கிரேக்கம், பிரெஞ்சு, கணிதக் குறிகள் எனத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பல பொறிகளை முயன்று பார்த்தபின் இதுவே தம் வேலைக்கு ஏற்றது எனக் கண்டதாக அவர் குறிப்பிடுகிறார். இங்கே பேசுவது அற்புதத்தால் மீட்கப்பட்ட சிறுமியல்லர்; தம் கைக்கு எக்கருவி ஒத்துவரும் எனச் சோதித்துத் தேர்ந்த மாணவி. பொதுப்படிமத்தில் இவருக்கு இடமே இல்லை.

அடைப்புக்குறிகளின் இரவு

1899 ஜூன் 29, 30 ஆகிய நாள்களில் இறுதித் தேர்வுகள் நடந்தன. இம்முறை சல்லிவன் வினாத்தாளைப் படித்துக்காட்டக் கல்லூரி இசையவில்லை. பெர்கின்ஸ் நிறுவனத்து ஆசிரியர் யூஜின் வைனிங் தாள்களை அமெரிக்க பிரெயிலில் பெயர்த்தெழுத அமர்த்தப்பட்டார். அவர் கெல்லருக்கு அறிமுகமற்றவர். இருவருக்கும் இடையே பிரெயிலைத் தவிர வேறு தொடர்புவழி இல்லை.

மொழிப்பாடங்களில் இது சிக்கலாகவில்லை. இயற்கணிதத்தில்தான் இடித்தது. அந்நாளில் அமெரிக்காவில் ஆங்கிலேய பிரெயில், அமெரிக்க பிரெயில், நியூயார்க் புள்ளியெழுத்து என மூன்று முறைகள் வழங்கின. மூன்றிலும் கணிதக் குறியீடுகள் வெவ்வேறு. கெல்லர் இயற்கணிதம் பயின்றது ஆங்கிலேய பிரெயிலில். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, பழைய ஹார்வர்டு வினாத்தாள் ஒன்றின் பிரெயில் படியை வைனிங் அனுப்பியபோதுதான் குறியீடுகள் அமெரிக்க முறையில் இருப்பது தெரியவந்தது. உடனே கடிதம் எழுதி, குறியீட்டு அட்டவணையை வரவழைத்துக் கற்கத் தொடங்கினார். தேர்வுக்கு முந்தைய இரவிலும் பிறை அடைப்பு, நெளி அடைப்பு, மூலக்குறி ஆகியவை சேர்ந்துவரும் இடங்களைப் பிரித்தறிய இயலவில்லை. மறுநாள் காலை, தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்னதாகச் சென்று, வைனிங்கிடமே விளக்கம் பெற்றனர்.

பிரெயில் என்னும் கருவி கையில் இருந்தது, அதைப் படிக்கும் திறனும் இருந்தது, பாடமும் தெரியும். இருந்தும், குறியீட்டுத் தரம் வேறாக இருந்தமையால் எல்லாம் பயனற்றுப் போகவிருந்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கான பொதுப் பிரெயில் முறையில் இணக்கம் ஏற்பட்டது 1932இல். அதாவது, கெல்லர் ஓரிரவில் தனியொருவராகச் சுமந்தது, நிறுவனங்கள் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே தீர்த்த சிக்கலை.

இப்பகுதியின் மற்றொரு வாக்குமூலம் இதனினும் முதன்மையானது. தட்டச்சில் எழுதியதைத் தம்மால் திரும்பப் பார்க்க இயலாது என்றும், கணக்குகளைப் பிரெயிலிலோ மனத்திலோ செய்தே பழகியிருந்ததாகவும், ஆசிரியர் கீத் தம் மனக்கணக்குத் திறனைப் பெரிதும் நம்பிவிட்டதால் தேர்வுத்தாள் எழுதப் பயிற்றவில்லை என்றும் கெல்லர் கூறுகிறார். அதனால் வேலை மிக மெதுவாக நகர்ந்தது; வினா கேட்பது என்னவென்று அறிய எடுத்துக்காட்டுகளை மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. மாணவியின் அறிவை வியந்த ஆசிரியர் கருவிப்பயிற்சியை விட்டுவிட்டார் என்பதுதான் இதன் பொருள். வியப்பு கற்பித்தலுக்குப் பகையாவதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன பகுதியை வேறு தன்வரலாற்றில் நான் படித்ததில்லை.

ஆனால் கெல்லர் இவ்விடத்தில் நிற்பதில்லை. கல்லூரி நிருவாகத்தினர் தம் தேர்வு எவ்வளவு கடினமாக்கப்பட்டது என்பதை உணரவில்லை என்று எழுதி, அறியாமல் வைத்த தடைகளானாலும் அனைத்தையும் வென்றேன் என்ற ஆறுதல் உண்டு என இயலை முடித்துவிடுகிறார். அமைப்பின் பிழை தனிமனித வெற்றியாக உருமாறும் இடம் இது. ஜார்ஜினா கிளீக் 2006இல் வெளியிட்ட நூலில் கெல்லருக்குக் கடிதங்கள் எழுதுவதுபோல அவரோடு வாதிடுகிறார். பார்வையற்ற எழுத்தாளரான அவர் இந்த இனிய பணிவைத்தான் முதன்மையாகக் கேள்விக்குள்ளாக்குகிறார். எனினும் 1903இல், அந்நிறுவனத்திலேயே மாணவியாக இருந்துகொண்டு எழுதியவர் வேறெப்படி முடித்திருக்க இயலும் என்பதையும் எண்ணவேண்டும். வாக்கியம் பணிகிறது, அடுக்கப்பட்ட செய்திகள் பணியவில்லை.

கைக்கு வந்த விடை

தட்டச்சுப்பொறி ஒருவழிக் கருவி. அதில் எழுதலாம், எழுதியதை விரலால் படிக்க இயலாது. இவ்விடைவெளியை நிரப்பியது 1970களில் உருவான மின்னணுப் பிரெயில் காட்டி. ஒரு வரிசைக் கட்டங்களில் நுண்ணிய ஊசிகள் எழுந்து தாழ்ந்து எழுத்துகளை உருவாக்கும். வரி முடிந்ததும் அதே இடத்தில் அடுத்த வரி எழும். ஊசிகளை இயக்குவது மின்னழுத்தத்தால் வளையும் படிகத் தகடு. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி இயக்கி வேண்டியிருப்பதே இக்கருவியின் விலையுயர்வுக்கு முதற்காரணம்.

ஹாபென் கிர்மாவின் நூல் இக்கருவியைச் சுற்றியே இயங்குகிறது. எரித்திரிய, எத்தியோப்பியப் பின்புலமுள்ள குடும்பத்தில் 1988இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்து, 2013இல் ஹார்வர்டு சட்டப்பள்ளியில் பட்டம்பெற்றவர் அவர். எதிரிலிருப்பவர் கம்பியில்லா விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, அச்சொற்கள் அவர் மடியிலுள்ள பிரெயில் காட்டியில் எழுகின்றன. அவர் குரலால் விடையளிக்கிறார். 2015இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஒபாமாவும் அவ்வாறே தட்டச்சு செய்து உரையாடினார். அக்காட்சியின் புகைப்படங்கள் பரவலாக அறியப்பட்டவை. கெல்லருக்கு நீர்ப்பம்பு எப்படியோ, கிர்மாவுக்கு அவ்விசைப்பலகை அப்படியாகிவிட்டது. இதில் ஒரு முன்னேற்றம் உண்டு: பம்படியில் கற்பவர் சிறுமி, வெள்ளை மாளிகையில் கருவியை எப்படிக் கையாளவேண்டும் எனக் கற்றுக்கொள்பவர் எதிரிலிருப்பவர்.

இந்நூலின் சிறந்த பகுதியாக எனக்குத் தோன்றுவது வெள்ளை மாளிகை அன்று. லூயிஸ் அண்ட் கிளார்க் கல்லூரியின் உணவுக்கூடம். அங்கு அன்றாட உணவுப்பட்டியல் அச்சில் மட்டுமே ஒட்டப்பட்டிருந்தது. மின்னஞ்சலில் அனுப்பினால் தம் கருவியில் படித்துக்கொள்வேன் என்று கிர்மா கேட்கிறார். அனுப்புவதாகச் சொல்கிறார்கள், ஒழுங்காக அனுப்புவதில்லை. எந்த வரிசையில் என்ன உணவு எனத் தெரியாமல் நின்று, கிடைத்ததை உண்கிறார். உணவாவது கிடைக்கிறதே என்று நன்றியோடு இருந்துவிடலாமே என்னும் எண்ணம் அவருக்கும் எழுகிறது. பின்னர் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தைச் சுட்டி எழுதியபின் பட்டியல் வரத்தொடங்குகிறது. கெல்லர் ஆறுதலில் முடித்த இடத்தில் கிர்மா சட்டத்தைத் தொடங்குகிறார். இருவருக்கும் இடையே கடந்துள்ள நூறாண்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறிடம் இந்நூலில் இல்லை.

எனினும் கிர்மாவின் நூலில் ஒரு வெற்றிடம் உண்டு. கருவியால் என்ன கைகூடியது என்பது விரிகிறது. கருவி எப்படிக் கைவந்தது என்பது சுருங்குகிறது. விரல்நுனி பிரெயிலுக்குப் பழகிய ஆண்டுகள், கருவியின் கட்டளைகள் மனப்பாடமான பொழுதுகள், இணைப்பு அறுந்த தருணங்கள் ஆகியவை கதையோட்டத்துக்குத் தடையெனக் கருதப்பட்டிருக்கலாம். ஹார்வர்டை ‘வென்ற’ பெண் என்னும் பொருளில் அமைந்த துணைத்தலைப்பும் பழைய அற்புதக் கதையின் சாயலையே கொண்டிருக்கிறது.

ஒரே கை

இவ்வெற்றிடம் ஏன் பொருட்படுத்தத்தக்கது? பார்வையற்ற ஒருவருக்குக் கணினி கற்பிக்கும் ஆசிரியர், மாணவரின் விரல் கருவியின்மேல் இருக்கும்போதே வாயால் விளக்கலாம். செவிகேளாத ஒருவருக்குக் கற்பிப்பவர் திரையைக் காட்டிவிட்டுச் சைகையால் விளக்கலாம். செவியும் பார்வையும் இல்லாதவருக்கோ, கருவியைப் படிப்பதும் கை. ஆசிரியரைக் கேட்பதும் அதே கை. கை கருவியில் இருக்கும்போது ஆசிரியர் ஊமையாகிறார். கை ஆசிரியரிடம் வந்தால் கருவி மறைகிறது. ஆகவே ஒவ்வொரு படியும் செய்து, நிறுத்தி, கைமாற்றி, விளக்கி, மீண்டும் கருவிக்குத் திரும்பி நடக்கவேண்டியது. ஊசிகள் அசையாமல் நின்றால் கருவி பழுதானதா, காத்திருக்கிறதா, தொடர்பு அறுந்ததா என்பதை அறியும் வழியையும் தனியே கற்பிக்கவேண்டும். எச்சரிக்கை ஒலியும் திரைச்செய்தியும் இங்கே பயன்படா. கணினித் திரைபடிப்பான்களுக்கான பேச்சுவழிப் பாடங்கள் முற்றிலும் உதவா.

இந்த இருமடங்குக் காலத்தைக் கொள்கை வகுப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உருவாகி 2012இல் தொடங்கிய கருவி வழங்கும் திட்டம், கருவியோடு பயிற்சிக்கும் நிதி ஒதுக்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது. கருவியை மட்டும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

இந்தியச் சூழலில் மற்றொரு சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நிலையைப் ‘பல்வகைக் குறைபாடு’ என்பதன்கீழ் அடக்குகிறது. தமிழில் வழங்கும் ‘செவி, பார்வைத்திறன் குறையுடையோர்’ போன்ற தொடர்களும் உம்மைப்பொருளில் ஒன்றோடொன்றைக் கூட்டுகின்றன. ஆனால் இது கூட்டல் அன்று. செவியிழந்தோருக்குக் கண் ஈடுசெய்கிறது. கண்ணிழந்தோருக்குச் செவி ஈடுசெய்கிறது. இரண்டுமில்லாத இடத்தில் அவ்விரு ஈடுகளுமே இல்லை. அங்கு வேண்டுவது மூன்றாவதொரு முறை. ஆங்கிலத்தில் இணைகோட்டை நீக்கி ஒரே சொல்லாக எழுதும் வழக்கம் பரவியதற்கு இதுவே காரணம். தமிழில் இதற்கிணையான தனிச்சொல் இன்னும் நிலைபெறவில்லை.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவுவகையால் வரிசைப்படுத்துகையில் தொடுவுணர்வை முதலாவதாக வைக்கிறது. கண்ணும் செவியும் நான்காவதும் ஐந்தாவதுமாக வருகின்றன. இவ்வரிசையைக் கீழ், மேல் என்னும் படிநிலையாகவே நாம் படித்துப் பழகியுள்ளோம். ஆனால் ஆறாவதான மனத்துக்குத் தொடுகை வழியாகவே நேரே செல்ல இயலும் என்பதற்குக் கெல்லரும் கிர்மாவும் சான்று. தமிழ்ப் பிரெயிலே இதற்கொரு சிறு விளக்கம் தருகிறது. அச்சில் ‘கொ’ என்னும் எழுத்தைக் காணும் கண் முதலில் ஒற்றைக்கொம்பையும், பின் ககரத்தையும், அதன்பின் காலையும் காண்கிறது. பாரதி பிரெயிலில் விரல் முதலில் ககரத்தையும் அடுத்து ஒகரத்தையும் தொடுகிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்னும் நூன்மரபுக் கருத்துக்கு அச்சைவிடப் பிரெயிலே நெருக்கமானது.

தொலைவும் தொடுகையும்

கிர்மாவின் விசைப்பலகைக்கு எதிர்நிலையில் வைத்துப் படிக்கத்தக்கவர் ஜான் லீ கிளார்க். செவியும் பார்வையுமற்ற கவிஞரான இவரது கட்டுரைத் தொகுதி 2023இல் வெளிவந்தது. பார்வையையும் கேள்வியையும் மட்டுமே முறையான அறிதலாகக் கொண்டு, மனிதர்களைத் தொடாத் தொலைவில் நிறுத்தும் மனப்போக்குக்குத் ‘தொலைவியம்’ எனத் தமிழாக்கத்தக்க ஒரு பெயரை அவர் இட்டுள்ளார். 2007ஐ ஒட்டி சியாட்டில் நகரில் இவ்வினத்தவரே உருவாக்கிய புரோடாக்டைல் என்னும் முறையை அவர் முன்னிறுத்துகிறார். அதில் கேட்பவரின் கை பேசுபவரின் தொடையிலோ தோளிலோ தட்டித் தன் இசைவையும் சிரிப்பையும் உடனுக்குடன் உணர்த்துகிறது. பேச்சு ஒருவர் கையில் மட்டும் நிகழ்வதில்லை. இருவர் உடலிலும் நிகழ்கிறது.

இவ்விருவரையும் எதிரெதிராக நிறுத்தி ஒருவர் பக்கம் சாய்வது எளிது. கிர்மாவின் கருவி, தொடுமொழி அறியாத எவரோடும் உரையாட வழிசெய்கிறது. தட்டச்சு அறிந்த நண்பரும் நீதிபதியும் அவருக்கு ஒன்றே. கிளார்க்கின் முறை, தொடத் தயங்காதவரோடு முழுமையான உரையாடலைத் தருகிறது. அறியாதவரிடம் அது செல்லாது. கருவி பரப்பைத் தருகிறது. தொடுகை அடர்த்தியைத் தருகிறது. ஒரே கைதான் இரண்டுக்கும் உண்டு என்பதால், கருவி கற்பிக்கும் வகுப்பிலேயே இவ்விரண்டும் சந்தித்தாகவேண்டும். கருவியில் விரல் இருக்கும்போது ஆசிரியர் மாணவரின் தோளிலோ முழங்காலிலோ எளிய குறிகளால் ‘சரி’, ‘நில்’, ‘மீண்டும்’ என உணர்த்த இயலுமானால் ஊமையான ஆசிரியருக்குப் பேச்சு திரும்புகிறது. இதனைப் பார்வையுள்ள ஆசிரியரைவிட, அதே கருவியைத் தம் கையால் கற்ற ஒருவரே இயல்பாகச் செய்வார்.

கெல்லரின் 1899ஆம் ஆண்டுக் காலைப்பொழுதை இவ்வொளியில் மீண்டும் படிக்கலாம். கீத் கணிதம் அறிந்தவர், குறியீடு அறியாதவர். வைனிங் குறியீடு அறிந்தவர், மாணவியை அறியாதவர். சல்லிவன் மாணவியை அறிந்தவர். தேர்வறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர். மூவரும் ஒன்றுசேர்ந்தால் ஒரு நல்ல கருவியாசிரியர் ஆகியிருப்பார். அடைப்புக்குறிகளைத் தம் விரலால் பிரித்தறிந்து பழகிய மற்றொரு மாணவர் அக்கட்டடத்தில் எங்கும் இல்லை.